உண்ணி விதை

நாயின் காது மடலுக்குப் பின்னால்
கறுப்பாய், தட்டையாய், ஒட்டிக்கொண்டு ஒன்று.
உண்ணிதான் என்று இடுக்கியும்
டெட்டாலும் எடுத்து வந்தேன்.
இழுத்தேன். காலில்லை, இரத்தமில்லை.
விதை.

எங்கள் மிசூரியில் இதன் பெயரே அதுதான், உண்ணி விதை.
நர்சரிக்காரி கோரியாப்சிஸ் என்பாள்.
கிரேக்கத்தில் மூட்டைப்பூச்சி போன்றது என்று பொருளாம்.
இத்தனை மஞ்சளைப் பார்த்தும்
ஒருவருக்கும் நல்ல பெயர் வாயில் வரவில்லை.

கார்லண்ட் கொண்டுவந்தது.
நெடுஞ்சாலையில் லாரி நின்றுபோய்
இழுவை வண்டிக்கு மூன்று மணி நேரம் காத்திருந்த அன்று
சாலையோரப் பள்ளத்திலிருந்து
காபிக் கோப்பையில் மண்ணோடு பெயர்த்து வந்தான்.
"உனக்குத்தான், லவோன்."
தாமதத்துக்குச் சாக்கு என்று தெரியும்.
வாங்கிக்கொண்டேன்.

முதல் கோடையில் கொஞ்சியே கெடுத்தேன்.
கோழி எரு, மீன் உரம்,
காலையிலும் மாலையிலும் குழாய்த் தண்ணீர்.
இடுப்பளவு வளர்ந்தது. அத்தனையும் இலை.
ஜூலை இடிமழையில் ஒட்டுமொத்தமாய்
குடித்தவன் போல் வேலியில் சாய்ந்தது.

மறு கோடை எனக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
பகலெல்லாம் திரைச்சீலை இழுத்துத் தூங்கினேன்.
செடி இருந்ததே நினைவில்லை.
ஒரு காலை காரை நிறுத்தும்போது
சரளைக்கல்லுக்குள் வேர்விட்டு
ஓட்டைத் தகரக்கூரை வழியே வெயில் விழுந்த மாதிரி
அத்தனை பூ.

அதன்பின் ஒரே ஒரு வேலை செய்தேன்.
வாடிய தலைகளைக் கிள்ளினேன்.
கிள்ளினால், இன்னும் பிள்ளை பிறக்கவில்லை என்று எண்ணி
மறுபடி மொட்டு விடும்.
ஏமாற்றுதான்.
ஐந்து வருடம் அதை ஏமாற்றினேன்.
எங்களையும்தான்.

ஆறாவது வசந்தத்தில் நடு உச்சி சொட்டையானது.
உள்ளே காய்ந்த குச்சிகள்,
ஓரத்தில் மட்டும் பச்சை வளையம்.
வயதான கொத்து அப்படித்தான் ஆகும்,
பிரித்து நட்டால் பிழைக்கும்
என்று நர்சரியின் துண்டுச்சீட்டில் இருந்தது.

வக்கீலின் துண்டுச்சீட்டில் வேறு இருந்தது.
படகு அவனுக்கு, உறைபெட்டி எனக்கு,
துப்பாக்கிகள் அவனுக்கு, மோலி என்கிற நாய் எனக்கு.
கடைசிச் சாமான் ஏற்ற வந்த ஏப்ரல் மாலை
கார்லண்ட் தோட்டத்தில் நின்று
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான்.
"பட்டியலில் இது இல்லை" என்றான்.
பதினொரு வருடத்தில்
அவன் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள்.

மண்வெட்டியால் சுற்றித் தோண்டினான்.
ரொட்டி வெட்டும் கத்தி என் கையில்.
வேர் அறுபடும் சத்தம்
பழைய துணி கிழிவதைப் போல இருந்தது.
நடுவிலிருந்த செத்த பாகத்தை
யார் எடுப்பது என்று சண்டை வரவில்லை.
அவன் பங்கைத் தூண்டில் வாளியில் வைத்து
முன்சீட்டில் நிறுத்தி
பெல்ட் போட்டான். என் இடத்தில்.
கண்ணாடியைத் தட்டி, "உரம் போடாதே" என்றேன்.
தலையை ஆட்டினான்.
அந்த ஆட்டலை நான் அறிவேன்.

ஜூனில் என் பாதி பூத்தது,
முன்பு முழுசாய் இருந்தபோது பூத்ததைவிட.
அவன் வாடகை வீடு மருந்துக்கடைக்குப் போகும் வழியில் இல்லை.
ஆனாலும் அந்த வழியாகத்தான் போனேன்.
தபால்பெட்டி அடியில்,
இடுப்பளவு இலை, சாய்ந்து, நூலால் கட்டப்பட்டு,
பக்கத்திலேயே பை பையாக உரம்.
மடையா.
நிறுத்தவில்லை.
திருப்பத்தில் ஹாரனை ஒருமுறை அழுத்தினேன்,
அணிலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அக்டோபர்.
கிள்ளுவதை ஆகஸ்டிலேயே விட்டாயிற்று.
மஞ்சள் சிட்டுகள் தலைகீழாய்த் தொங்கிக் கொறிக்கின்றன.
சிந்தியது மோலியின் ரோமத்தில் ஏறி
சோபா வரை வருகிறது.

இடுக்கி முனையில் விதையோடு நிற்கிறேன்,
குப்பைக்கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவே.
மோலி அடுத்த காதைத் திருப்பிக் காட்டுகிறாள்.