சுமைதாங்கிச் சுவர்

கிளேர்வுட்டில் சட்டை தைத்த ஆலையை
ஒன்பது ஆண்டு வாடகைக்கு எடுத்தோம்.
தரைப்பலகை இடுக்கில் இன்னும் பொத்தான்கள்.
பெருக்கப் பெருக்கத் தீரவில்லை.

வரைபடத்தில் நான்கு அறை:
அச்சு, வானொலி, படம், கணினி.
நான்கு பேருக்கு நான்கு சாவி.
"இதை உடைக்கத்தானே வந்தோம்?" என்றாள் திலோஷ்னி,
நடுக்கோட்டை நகத்தால் கீறியபடி.

மாணவன் கையில் ஒற்றைக் கைப்பேசி.
அதிலேயே பத்திரிகை, அதிலேயே பாட்டு,
அம்மாவின் அழைப்பு, மின்கட்டண மிரட்டல்.
உள்ளே ஒரு சுவர்கூட இல்லை.
நாங்கள் மட்டும் செங்கல்லில் யோசித்தோம்.

பொறியாளர் என்டுலி வந்தார்.
சுவரைத் தட்டினார். காது வைத்தார்.
"இடிக்கலாம்.
கூரையும் கூடவே வரும்" என்றார்.

அன்று மாலைக் கூட்டம் ஒரே சண்டை.
அச்சகத் தடதடப்பு என் பதிவில் விழும் என்றாள் நொன்டோபெகோ.
குளிர்சாதனம் முதலில் எனக்கு என்றான் ரெவெந்திரன்.
என் மைக்கு யார் பொறுப்பு என்றார் மூன்சாமி,
யாரும் கேட்காமலே.
அமைச்சகப் படிவமோ
'எந்தத் துறை? ஒன்றை மட்டும் குறிக்கவும்' என்றது.
துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே துறையா?
நான்கையும் குறித்தேன்.
திரும்பி வந்தது.
மறுபடி நான்கையும் குறித்தேன்,
பேனாவைக் கொஞ்சம் அழுத்தி.

பெயர்ப்பலகைக்கு மூன்று மொழி.
ஆங்கிலம் ஆயிற்று, ஜுலு ஆயிற்று.
தமிழுக்கு என்னைக் கேட்டார்கள்.
'கூடல்' என்றேன்.
மூன்சாமி இருமிக்கொண்டே சிரித்தார்:
"கல்யாண மண்டபம் என்று வந்து நிற்பார்கள்."
ஊடல் இல்லாமல் கூடல் ஏது, ஐயா?
நாம் நாலு பேரும் ஊடித்தானே கிடக்கிறோம்?
ஊடகம் என்னும் சொல்லிலேயே
ஊடு இருக்கிறதே.
சொன்னவள் சட்டென்று நின்றேன்.

ஊடு.
சுவரின் ஊடு.

மறுநாள் என்டுலி சுண்ணக்கட்டியால்
ஒரு சதுரம் வரைந்தார்.
மேலே இரும்பு உத்தரம் வைத்தால் இவ்வளவு வெட்டலாம்.
ஆள் நுழைய முடியாது.
குரல் நுழையும், கேபிள் நுழையும்,
மை காயாத தாள் ஒன்று
மடங்காமல் நுழையும்.

முதல் வகுப்பு.
வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள்.
பத்து நிமிடப் பதிவை ஏழு தடவை நிறுத்தினோம்.
லுங்கெலோ மட்டும் நிறுத்தவில்லை.
அவன் செய்தியே லாரி ஓட்டுநர்கள்
எங்கே தூங்குகிறார்கள் என்பதுதான்.

அச்சில் ஓடிக்கொண்டிருந்த பக்கத்தில்
ஓட்டுநர் முசாருர்வாவின் பெயரில்
ஓர் எழுத்து குறைந்திருந்தது.
லுங்கெலோ கத்தவில்லை.
ஒலிபெருக்கியைத் துளையில் வைத்தான்.
அந்த மனிதர், லாரி உறுமலுக்கு நடுவே,
தம் பெயரை எழுத்தெழுத்தாகச்
சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்சாமி இயந்திரத்தை நிறுத்தினார்.
எண்ணெய் போட அல்ல.
கேட்பதற்கு.

படிவம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது.
பலகையில் தமிழ் வரி காலியாகவே இருக்கிறது.
பெயின்டருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.