நாலாவது ஆள்

நாலாவதாக யாரை இறக்குவது என்பது
மூன்று தொடர்களாக முடியவில்லை.
இடக்கை வேகம் உள்ளே திரும்பினால்
தேவய்யாவின் முன்னங்கால் நகராது.
அதற்குத்தான் அல்சூரிலிருந்து
என்னைக் கூப்பிட்டார்கள்:
நாளுக்கு எண்ணூறு, மதியச் சாப்பாடு.

பதினோரு முறை ஸ்டம்பு சாய்ந்தது.
கைதட்ட ஆளில்லை.
"அதே இடம், இன்னொண்ணு"
லேப்டாப்பிலிருந்து தலையெடுக்காமல் கோச்.

நாலு மணிக்கு மேல்
கால் வரத் தொடங்கியது.
கடைசிப் பந்து என் தலைக்கு மேல் பறந்து
வலையில் சிக்கி ஆடியது.

சரியாயிற்று என்று குறித்துக்கொண்டார்கள்.
நாளை சுழல் போடுகிறவன் வந்தால் போதுமாம்.

கப்பன் பூங்கா சிக்னல்.
பஸ் நகரவில்லை.
தோள்பட்டைக்குள் ஏதோ சுடுகிறது.
உலகக் கோப்பை நமக்கே வரட்டும்;
ஆனாலும்
அந்தக் கால்
இன்னும் ஒரு வாரம் தயங்கியிருக்கலாம்.