ஏழாம் காலும் எட்டாம் காலும்

"லைட்ட அமத்தினா ஆழம் காட்டுது,
ஆழத்த அமத்தினா லைட்டு எரியுது,
என்ன புள்ள இது?"
மீன் தேடும் கருவியை மேசையில் வைத்தார்
உதுமாலெவ்வை.
வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து
நேராக வந்த ஈரச் சாரன்.

"உப்புத்தண்ணி பட விட்டிருப்பீங்க" என்றேன்.
திறக்கும் முன்பே குற்றம் சொல்வது
இந்தத் தொழிலில் தொற்றும் வியாதி.

நாலு திருகாணி. மூடி கழன்றது.
உப்பில்லை. துருவில்லை.
ரப்பர் வளையம் வைத்தது வைத்தபடி.

மீற்றரின் இரண்டு ஊசியையும்
ஐசியின் ஏழாம் காலிலும் எட்டாம் காலிலும் வைத்தேன்.
கத்தியது.
கத்துவதால் மட்டும் நம்பிவிடக் கூடாது.
ஐந்தையும் ஆறையும் தொட்டாலும் அது கத்தும்;
அவை வரைந்தவனே சேர்த்தவை,
உள்ளுக்குள் ஒரே தரையில் இறங்குபவை.
ஓரத்தில் வேறு இரண்டு செப்புத் திட்டு,
தேவையென்றால் ஒரு துளி வைத்துச் சேர் என்று
அவனே இடம் விட்டவை.
மீற்றருக்கு எல்லாச் சேர்க்கையும் ஒரே குரல்.
படத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.
படத்தில்
ஏழுக்கும் எட்டுக்கும் உறவில்லை.

பூதக்கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனேன்.
இரண்டு காலுக்கும் நடுவே
நெத்தலிக் குஞ்சின் கண்ணளவு வெள்ளி.
இதற்கும் பாலம் என்றுதான் பெயர்.
வெளியே பாலம் என்றால் நல்ல சொல்,
திறந்து வைக்க ஆள் வரும், ரிபன் வெட்டும்.
இங்கே அது பழுது.

சொல்டரைக் குறை சொல்ல முடியாது.
உருகினால் செப்பைத் தேடும்,
பச்சைப் பூச்சைக் கண்டால் உருண்டு விலகும்.
அதிகம் ஊட்டினால்,
சூடு போதாத அயர்னை வெடுக்கென இழுத்தால்,
அடுத்ததும் செப்புத்தானே என்று கை நீட்டும்,
நீட்டிய கையோடு உறைந்துவிடும்.

ஓட்டமாவடிப் பழைய பாலத்தில்
ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியால் போயின.
ரயில் வந்தால் பஸ் நிற்கும்,
நிறுத்த ஒரு கேற் இருந்தது.
இந்த அரை மில்லிமீற்றரில் கேற் இல்லை.
ஏழில் வருவது எட்டிலும் போகிறது.
இருட்டுக் கடலில் ஆழம் கேட்டவருக்கு
வெளிச்சம் கிடைக்கிறது.

பிறகுதான் கண்ணில் பட்டது,
பலகையின் மூலையில்
ஊதா நகச்சாயத்தில் ஒரு பொட்டு.
நான் கைவைத்த சேர்க்கிட் எல்லாவற்றிலும்
நான் வைக்கும் பொட்டு.

கொப்பியைப் புரட்டினேன்.
கார்த்திகை. உதுமாலெவ்வை. பட்டன் மாற்றியது. 1800.
அன்று கடைசிக் காலுக்கு வரும்போது கரண்ட் போனது.
அயர்ன் ஆறுவதற்குள் என்று
போன் லைட்டில் வைத்த துளி.
பெரிதோ என்று அப்போதே தோன்றியது.
மூடியைப் பூட்டினேன்.
அதன்பின் வாடைக் கடல்,
தை முடியும்வரை படகு கரையில் கிடந்தது.
என் பிழையும் அதோடு.

ஃபிளக்ஸ் தொட்டு,
செப்புப் பின்னலை மேலே கிடத்தி,
அயர்னை வைத்தேன்.
திரி எண்ணெயைக் குடிப்பதுபோல்
பின்னல் வெள்ளியைக் குடித்தது.

"உப்புத்தண்ணியா?" என்று கேட்டார்.
"இல்ல. என்ட கை."
"காசு?"
"வேணாம்."
"அப்ப நான் வாங்கின ஏச்சு?"

அதற்குக் கொப்பியில் ஒரு பத்தி இல்லை.
தலை நிமிராமல்
ஏழையும் எட்டையும் இன்னொரு தரம் தொட்டேன்.
மீற்றர் ஒன்றும் சொல்லவில்லை.