ராமக்கல்மேட்டில் இரண்டாவது குப்பி

கோம்பையில் விடியுமுன் கட்டிய ஷூ கயிற்றை
இப்போதுதான் அவிழ்க்கிறேன்.
உள்ளே ஓர் அட்டை,
என்னைவிட நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது.

ஒன்பது மணி நேரம்.
சுக்குநாறிப்புல் கிழித்த முழங்கை.
ஜலாலுதீனுக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டு
கடைசி மைலை நண்டு மாதிரி நடந்தான்.
எல்லைக்கல் எங்கே வந்தது, யாரும் பார்க்கவில்லை.
கைப்பேசிதான் மலையாளத்தில் வரவேற்றது.

கள்ளுக்கடைக்குப் பின்னால்
ஏலத்தோட்டம் முடிகிற இடத்தில் ஆடுகிற பெஞ்சு.
குப்பியை வைத்த பைலிச் சேட்டன்
எங்கள் கால்களைப் பார்த்து, "நடந்நோ?" என்றார்.
நடந்தோம் சேட்டா.
"பஸ் உண்டல்லோ."
அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

முதல் மடக்கு புளித்து, பிறகு இனித்து
தொண்டையிலிருந்து நேரே முட்டிக்கு இறங்கியது.
அவித்த கப்பை, காந்தாரி மிளகாய்.
கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்த ஜலாலுதீன்தான்
எங்களைவிட உளறினான்.
காற்றாலை ஒன்று
சுற்றுக்கு ஒருதரம் பல்லைக் கடித்தது.

கீழே எங்கள் ஊர்.
ஒரு நாள் முழுக்க நடந்த தூரம்
இங்கிருந்து பார்த்தால் எச்சில் துப்பும் தூரம்.
விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.
பவுன்ராஜ் விரலை நீட்டினான்:
அது மாதா கோயில், அது திராட்சைக் குடோன்,
அதற்கு இடது பக்கம் மூணாவது வெளிச்சம்
நம்ம வீடு.
வீட்டுக் கணக்கில் அவன்
மோட்டாருக்குக் காயில் கட்டத் தேனியில் இருக்கிறான்.

இரண்டாவது குப்பி பாதியில்
அந்தப் பக்கம் மட்டும் இருண்டது.
நாலு தெரு,
ஈரத்துணியால் துடைத்தாற்போல்.
ஆள் யோசிக்கவில்லை. போனை எடுத்தான்.
"கரண்டு போயிருச்சா? மெழுகுவத்தி
பிரிட்ஜ் மேல இருக்கு பாரு."

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு சுருளியம்மாவின் குரல்
எங்கள் பெஞ்சு வரை கேட்டது.
"தேனியில இருக்கிற ஆளுக்கு
எப்படித் தெரியும்?"

ஜலாலுதீன் சாயாவைத் துப்பினான்.
பைலிச் சேட்டனுக்கு என்ன புரிந்ததோ,
மெல்ல உள்ளே போனார்.
பவுன்ராஜ் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இங்கருந்து... தெரியுது."

மறுபடி காற்று.
படி ஏறும் மூச்சு, கதவு கிரீச்சிடுவது
எல்லாம் போனில் கேட்டது.
அப்புறம் அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள்
பன்றி விரட்டும் டார்ச்சு
ஒரு புள்ளியாக எழுந்தது.
அணைந்தது. எழுந்தது.

"இது தெரியுதா?"
"தெரியுது."
"அப்ப எறங்கி வா."

அவன் எழுந்து வேட்டியை உதறினான்.
குப்பியில் மிச்சத்தை என் பக்கம் தள்ளினான்.
கடைசி பஸ் எத்தனை மணிக்கு சேட்டா?

உள்ளிருந்து,
தட்டு கழுவுகிற சத்தத்துக்கு நடுவே:
"போயல்லோ."