சோதனைக்காலம் ஏழு நாள்

வெருலத்தில், டயர் கடைக்கு மேலே என் ஸ்டூடியோ.
கரும்புத் தோட்டம் எரிக்கும் மாதங்களில்
ஸ்கேனர் கண்ணாடியில் கரித்தூள் இறங்கும்;
யார் முகத்தை வைத்தாலும் மச்சத்தோடு வரும்.
அதைத் துடைக்க எனக்கொரு மென்பொருள் வேண்டும்,
என் பர்சைத் துடைக்காத ஒன்று.

முதலாவது வாடகைக்கு.
மாதம் பிறந்தால் டாலரில் கேட்கும்.
ராண்ட் இறங்கினால் வாடகை ஏறும்.
அதற்குத் தெரியாதது இல்லை; இல்லை என்பதை
தினமும் காலையில் ஒரு சன்னல் திறந்து சொல்லும்.
ஒரு மாதம் கட்டாவிட்டால்
நான் வரைந்த கல்யாண அழைப்பிதழையே
எனக்குத் திறந்து காட்டாது.

இரண்டாவது, ஒரே தடவை பணம்.
கௌரவமாகத்தான் பட்டது.
கார்டைக் கையில் எடுத்த நேரம்
மிஸ்டர் கிஸ்தன் படியேறி வந்தார்,
மூச்சு வாங்க,
ஒரு பிளாஸ்டிக் பையில் மனைவியோடு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் ஓட வேண்டும்.
பதினெட்டு போட்டோ.
பேரன் போனில் நெட்டுக்குத்தாக எடுத்த நாலு வீடியோ.
ஒன்றில் அந்தம்மா
அடுப்பைப் பார்த்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்.
"வெட்டவா?" என்றேன்.
"அதுதான் அவ. இருக்கட்டும்."
(இங்கிலீஷில்தான் பேசினார்.
இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.)

வாடகைக்காரனிடம் முகத்தைக் கொடுத்தேன்.
தோலைச் சீராக்க ஒரு பொத்தான்.
அழுத்தினேன். கரித்தூள் போனது.
கூடவே அறுபது வருட வெயிலும் போனது.
இரண்டு படி வெளுத்த சொர்ணவல்லி
சோப்பு விளம்பரத்திலிருந்து எங்களைப் பார்த்தார்.
கிஸ்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டினார்.
"இது யாரு?"

கரித்தூளை நானே எடுக்கிறேன் என்றேன்,
ஒவ்வொரு புள்ளியாக.

பெயர் தமிழில் இருக்க வேண்டுமாம்.
இரண்டாவதில் அடித்தேன்.
சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு
வரிசை தெரியாத பிள்ளைபோல் பின்னால் போய் நின்றது.
புள்ளி தன் எழுத்தைவிட்டு இறங்கி
ஒரு வெற்று வட்டத்தில் உட்கார்ந்தது.
என்னுடையது சனிக்கிழமைக் கோயில் வகுப்புத் தமிழ்:
தப்பென்று தெரிந்தது,
எங்கே என்று சொல்லத்தான் நேரமானது.

கிஸ்தனுக்கு அதுவும் கிடையாது. ஓர் எழுத்தும் வாசிக்கமாட்டார்.
பைக்குள் கைவிட்டு ஒரு பித்தளைச் செம்பை எடுத்தார்.
கழுத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகக் கொத்திய பெயர்,
சீர் வந்தபோது டோங்காட்டில் யாரோ கொத்தியது.
திரைக்குப் பக்கத்தில் செம்பைப் பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"அந்தச் சுருள் இங்க முன்னால இருக்கு.
உன்னதுல பின்னால."
கரும்பாலையில் நாற்பது வருடம் ஃபிட்டர்.
எந்தப் பாகம் எங்கே உட்காரும் என்பதை
அவருக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

இலவசம் ஒன்று இருந்தது. நான் மதித்ததில்லை.
அவசரத்தில் வீடு மாறியவர்களின் பாத்திரங்கள் மாதிரி
அதன் பொத்தான்கள்.
வீடியோவை ஏற்றினேன், விழுந்தது.
மறுபடி ஏற்றினேன், மறுபடி விழுந்தது.
கணினியின் விசிறி ஆலைபோல் இரைந்தது.
பெயரை அடித்தேன்.
சொ என்று கேட்டால் சொ என்றே தந்தது.
சுருள் முன்னால், புள்ளி அதனதன் தலையில்.
கிஸ்தன் செம்பைக் கீழே வைத்தார்.

ஆறு மணிக்கு மின்வெட்டு, அட்டவணை தவறாமல்.
இருட்டில் டயர் வாசனை மட்டும் மிச்சம்.
கடைசியாக எப்போது சேமித்தேன்? நினைவில்லை.
அவர் எழுந்து போகவில்லை.
செம்பின் கழுத்தை விரல் தடவும் ஓசை,
நகம் ஒவ்வொரு பொட்டிலும் தட்டித் தட்டி.
"முதல் எழுத்தை எப்படிச் சொல்லணும்?"
சொன்னேன்.
அவரும் சொன்னார், கொஞ்சம் நீட்டி.
திருத்தவில்லை நான்.

எட்டரைக்கு வெளிச்சம் வந்தது.
பாதியை மீட்டிருக்கிறேன், மீதி இல்லை
என்றது இலவசம், வெட்கமில்லாமல்.
திறந்து பார்த்தோம்.
மீட்ட பாதியில் அந்தத் திட்டு இருந்தது.