பதினேழு நொடி, ஆறு நொடி

ஃபோர்ட் வில்லியம். நாற்பத்தொன்று, பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. ஆலை உறையவில்லை.
என் மேசைமேல் ஓர் இறக்கையின் கனம்
பவுண்டு பவுண்டாக, பென்சிலில்.

எட்டுத் துப்பாக்கியே போதும் என்கிறார் மக்ஃபேட்யன்.
"பையன்களுக்குக் குறி இன்னும் வரவில்லை.
கல்லைக் கொடுத்தால் தவறவிடுவான்.
மழையைக் கொடு,
எங்காவது நனையும்."

ஸ்க்வாட்ரன் லீடர் டிரெலோனி
தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்குகிறார்,
வெந்த விரல்கள் மடங்குவதில்லை.
"நனைந்தான். வாலில் நாற்பது பொத்தல் எண்ணினேன்.
நனைந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தான்."

அவருக்குப் பீரங்கி வேண்டும், இறக்கைக்கு இரண்டு.
துப்பாக்கித் தோட்டா என் பென்சில் பருமன்,
பீரங்கிக் குண்டு மக்ஃபேட்யனின் கட்டைவிரல்.

"மிஸ் லெஹ்டோனன், கனம்?"
இந்த அறையில் என்னைக் கேட்பது அது ஒன்றுதான்.
சொன்னேன்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்.
எதைக் குறைக்கலாம்? முதுகுக் கவசத்தையா, பெட்ரோலையா?
குண்டைக் குறைப்போம் என்றார்கள்.

விசையை விடாமல் அழுத்தினால்
துப்பாக்கிக்குப் பதினேழு நொடி,
பீரங்கிக்கு ஆறு.

மாலையில் ஆலைக் கதவிலிருந்து
வருகைக் கடிகாரம்வரை எண்ணிக்கொண்டே நடந்தேன்.
பதினேழு.
வீட்டில் அடுப்பு பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தேன்.
ஐந்து, ஆறு,
விரல் சுட்டுவிட்டது.

வியாழக்கிழமை மண்மேட்டுக்கு முன்னால் சோதனை.
சுழிக்குக் கீழே முப்பத்தொன்று.
துப்பாக்கி எட்டும் தறிபோல் ஓடின.
பீரங்கி ஒருமுறை இருமியது, அவ்வளவுதான்,
இரண்டாம் குண்டு கெட்டியான எண்ணெயில் சிக்கிக்கொண்டது.
வாசில் கையுறையைக் கழற்றி உள்ளே கைவிட்டான்,
தோல் இரும்போடு ஒட்டியது,
உக்ரேனிய மொழியில் அவன் சொன்னது
அறிக்கையில் இல்லை.

பிறகு எல்லோரும் பழைய இறக்கையைப் பார்க்கப் போனோம்,
அதைத்தான் இலக்காக நிறுத்தியிருந்தார்கள்.
தோட்டா போன துளைகளில்
என் பென்சில் சரியாக நுழைந்தது.
அந்த ஒற்றைக் குண்டு போன இடத்தில்
என் தலை நுழையும்.
டிரெலோனி ஒன்றும் சொல்லவில்லை.
மக்ஃபேட்யனும்.

மூன்று வாரம் கழித்துக் கடல் தாண்டித் தந்தி வந்தது:
இரண்டுக்கும் துளையிடவும். முடிவு பின்னர்.

இட்டோம்.
பனி உள்ளே போகாமலிருக்க
வண்ணப் பிரிவுப் பெண்கள் ஒவ்வொரு வாயிலும்
சிவப்புத் துணி ஒட்டுகிறார்கள்,
பசை காய்ந்ததும் முரசுத்தோல்போல் விறைக்கிறது.

துணியின் கனத்தை யாரும் கேட்கவில்லை.
ஒன்றை உரித்து நிறுத்தேன். கால் அவுன்ஸ்கூட இல்லை.
இருந்தும் எழுதிவைத்தேன்.
எங்கோ ஒரு மேகத்துக்கு மேலே
அவன் எதைச் சுட்டாலும்
முதலில் கிழிவது அதுதான்.