எண்ணெய் படாத கை

காங்கேயத்தில் எண்ணெய் படாத கை
என்னுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கொப்பரை காயும் ஊர்.
பஸ் கம்பியில் எண்ணெய்,
கடைக்காரர் தரும் சில்லறையில் எண்ணெய்,
கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் மூலையில்,
செல்போன் கண்ணாடியில்.
வெயில் ஏறினால் காற்றே பிசுபிசுக்கும்.
ஆறு வருஷமாக நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.
"ஏதாச்சும் துக்கமுங்களா?" என்று கேட்டவர்களிடம்
ஆக்சிஜன் என்றேன்.
அவர்களுக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

எண்ணெயும் ஆக்சிஜனும் சந்திக்கக் கூடாது.
நெருப்புக்குச்சி வேண்டியதில்லை.
அழுத்தத்தோடு திறக்கும் வால்வின் வாயில்
ஒரு சொட்டு போதும்.
பெருந்துறையில் பயிற்சிக்குப் போனபோது
கருகிய ரெகுலேட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.
பித்தளை வெல்லப்பாகு போல வழிந்து
பாதியில் உறைந்திருந்தது.
திருகிக்கொண்டிருந்தவர் என்ன ஆனார் என்று
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால்,
ஜெனரேட்டருக்கு எட்டத்தில் என் அறை.
சங்கிலி போட்ட சிலிண்டர்கள்,
கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள்.
இடது வரிசை எட்டு, வலது வரிசை எட்டு.
ஒன்று கொடுக்கும்போது ஒன்று காத்திருக்கும்.
காலி எது, நிறைந்தது எது
சாக்கட்டியால் நானே எழுதுவேன்.
லாரிக்காரர் வாய்ச்சொல்லை எடுப்பதில்லை.

நேற்றுப் பொழுதோட லாரியில் புதுப் பையன்.
குணசீலன், முத்தூர்க்காரன்.
பகலில் மில்லில் பிண்ணாக்கு அள்ளுகிறானாம்.
இறங்கிய வேகத்தில் வால்வு மூடியைத் திருகப் போனான்.
"தொடாதீங்க!"
குழாயடிக்கு அனுப்பினேன். சோப்பு.
மோந்து பார்த்தேன். இன்னொரு தரம் சோப்பு.
"ஏனுங்க்கா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க."
சட்டையையும் கழற்றச் சொன்னேன்.
பனியனோடு, பனியில் பல் கிட்டிக்க
முப்பதையும் ஒவ்வொன்றாகத்
தள்ளுவண்டியில் நிறுத்தி இறக்கினான்.
ஒன்றைக்கூட உருட்டவில்லை.
அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்கும் எண்ணெய் மில்தான்.
ராத்திரிச் சோறு கொண்டுவந்து
மஞ்சள் கோட்டுக்கு அக்கட்ட நின்று
போசியை நீட்டுவார்.
"கிட்ட வந்தா எரிஞ்சா போயிருவேன்?"
"நீங்க எரியறது இருக்கட்டுங்க,
மேல ஏழு பேரு இருக்காங்க."
தின்ற கையை மூன்று தரம் கழுவுவேன்.
பொரியலில் தாளித்தது
விரலிடுக்கில் நிற்கும்.

அந்த ஏழு பேரை நான் பார்த்ததில்லை.
செம்புக் குழாய் சுவரேறி அவர்களிடம் போகிறது,
நான் முள்ளோடு உட்கார்ந்திருக்கிறேன்.
முள் நாலுக்கு மேல் நிற்க வேண்டும்.
நிற்கிறது.

முந்தாநாள் ஒரு வரிசை ஐந்து மணி நேரம் தாங்கியது.
நேற்றும் ஐந்து.
ராத்திரி ஒன்பதுக்குத் திறந்த இடது வரிசை
இரண்டுக்கு மாறியிருக்க வேண்டும்.
மாறவில்லை.
மாற்றுமணி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
இணைப்புகளில் நுரைத் தண்ணீர் வைத்தேன்.
ஒரு குமிழும் வரவில்லை.
எல்லாம் சரியாக இருந்தது,
மேலே ஒருவர்
இழுப்பதை நிறுத்தியிருந்தார்.

நோட்டில் எழுதினேன்:
மூன்று பத்து. இடது. முப்பது கிலோ. கசிவு இல்லை.
போன் பக்கத்தில்தான் இருந்தது.
வார்டில் ரெஜினா சிஸ்டர் எடுப்பார்.
மாஸ்க்கைக் கழற்றியது யார்,
எதற்காக என்று சொல்லிவிடுவார்.
ஆறு வருஷத்தில் ஒரு தரமும்
நான் அந்த எண்ணை இதற்காக அழுத்தியதில்லை.

விடியும் நேரத்தில் மாடியிலிருந்து ஒரு பெண்
இறங்கி வந்து குழாயடியில் முகம் கழுவினாள்.
வெகுநேரம் கழுவினாள்.
என் அறையில் விளக்கைப் பார்த்து
மஞ்சள் கோடு வரை வந்தாள்.
"அக்கா, தேங்காயெண்ணெய் துளி கெடைக்குங்களா?
எங்கம்மா தலைக்கு வெக்கோணும்."

சீவிப் பின்னுவதற்கும் எண்ணெய் வேண்டும்.
அரப்பு வைத்துக் கடைசித் தண்ணி ஊற்றுவதற்கும் வேண்டும்.
முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"எங்கிட்ட இல்லைங்க" என்றேன்.

காங்கேயத்தில் இப்படி ஒரு பதிலை
அவள் கேட்டிருக்க மாட்டாள்.